துருவும் மெருகும்

நேற்றுப் பிறந்த பொருளுக்கு நாற்பதாண்டு முதுமையைப் பூசுவது கலையா, கபடமா? ஒன்றைப் போலவே மற்றொன்றைச் செய்து காட்டுவது பொய்யாகுமா? இவை சிறுபிள்ளை வினாக்கள் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு சாண் நீளமும் இல்லாத பொம்மைக் கார் ஒன்று இவற்றை நம் முன் வைத்தது. விடை தேடிப் புறப்பட்ட நாம் இறுதியில் வந்து நின்ற இடம், நம் சொந்த வீட்டு வாசற்படி.

நம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது ஜப்பான் நாட்டில் பொறியாளராகப் பணி புரிகிறார். விடுமுறையில் வந்திருந்தவர் ஒரு நாள் மாலை நம் இல்லம் தேடி வந்தார். பஞ்சு பொதிந்த சிறு பெட்டியொன்றைத் திறந்து, அதனுள்ளிருந்து ஒரு காரை எடுத்து நம் மேசை மீது வைத்தார். வண்டு என்று பெயர் பெற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் வடிவம் அது. ஆனால் கடைகளில் பளபளக்கும் விளையாட்டுப் பொருளைப் போன்றதன்று. அதன் நீல நிறம் கூரையிலும் முன்மூடியிலும் வெயில் குடித்து வெளுத்திருந்தது. சக்கரங்களின் மேல் வளைந்த தகட்டின் ஓரங்கள் பழுப்பேறி உளுத்திருந்தன. கதவின் கீழ்விளிம்பில் வண்ணம் கொப்புளமாய் உப்பி நின்றது. ஓட்டுநர் ஏறும் பக்கத்துக் கதவில், கைப்பிடியைச் சுற்றி மட்டும் வண்ணம் தேய்ந்து மெல்லியதாகி இருந்தது. எத்தனை கைகள் அதைத் திறந்தனவோ, எத்தனை மழைகளில் அது நனைந்ததோ என்று எண்ணத் தோன்றியது.

“யாருடைய பொருள் தம்பி இது? இவ்வளவு பழையதை இத்துணைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறீரே!” என்றோம்.

“ஹஜ்ரத், இரண்டு மாதங்களுக்கு முன் நானே செய்து முடித்தது. இதில் இரும்பு என்பது எள்ளளவும் இல்லை, முழுவதும் பிளாஸ்டிக்” என்றார் அவர்.

“அப்படியானால் இந்தத் துரு பொய்தானே?”

அவர் புன்னகைத்தார். “அதை ஹஜ்ரத்தான் சொல்ல வேண்டும்” என்று கூறி அமைதியானார். அன்று நாம் விடை சொல்லவில்லை. இக்கட்டுரைதான் அவ்விடை.

முதலில் இக்கலையின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். உண்மையான வண்டியின் அளவில் 24-இல் ஒரு பங்காகவோ, 25-இல் ஒரு பங்காகவோ சிறுத்துச் செய்யப்படும் இந்த மாதிரிகள் விளையாட்டுக்காகப் பிறந்தவையல்ல. பெரும்பாலும் வாணிபத்துக்காகப் பிறந்தவை. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949-இல் ஃபெர்குசன் டிராக்டரின் சிறு வடிவத்தைச் செய்தது. அந்த டிராக்டரை விற்போர் கையில் எடுத்துச் சென்று காட்டுவதற்காகவே அது செய்யப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1948-இல் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனமும் கார் விற்கும் கடைகளுக்காகப் புத்தம் புதிய கார்களின் சிறு படிவங்களைச் செய்து தந்தே வளர்ந்தது. பின்னர் 1958-இல், பாகங்களைப் பிரித்து ஒரு பெட்டியிலிட்டு, வாங்குவோர் தாமே கோத்துக்கொள்ளும்படி விற்கத் தொடங்கியது. ஜப்பானின் ஷிஸுவோக்கா நகரம் மரவேலைக்குப் பெயர் பெற்றது. அங்கே 1946-இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய தாமியா நிறுவனம், மரத்தால் மாதிரிகள் செய்து, 1960-இல் யமாட்டோ என்னும் போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்டது. நம் மாணவர் கொண்டு வந்த வண்டும் அந்நிறுவனத்தின் பெட்டியிலிருந்து பிறந்ததுதான்.

விற்பவர் கையில் பிறந்த மாதிரியில் துரு இல்லை என்பதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

பெட்டியைத் திறந்தால், கொடியில் காய்கள் தொங்குவது போலப் பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் தோன்றும் மெல்லிய வரம்பைச் சுரண்டி நீக்க வேண்டும். ஒட்டுவதற்குப் பயன்படும் திரவம் நாமறிந்த பசையன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக உருக்கி இணைத்துவிடுகிறது. பின்னர் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு. தூரிகையால் பூசினால் கோடுகள் விழும். ஆதலால் காற்றழுத்தத்தால் பனி போலத் தெளிக்கும் ஏர்பிரஷ் என்னும் கருவியைக் கையாளுகின்றனர். உண்மைக் காரின் வண்ணப்பூச்சு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு கனமுடையது. அதை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். அவ்வளவு மெல்லிதாகப் பூசுவது மனிதக் கைக்கு இயலாதென்றாலும், அதை நோக்கி முயல்வதே அவர்களது பயிற்சி.

இங்கே பலர் நிறுத்திவிடுவர். பளபளக்கும் வண்டியைக் கண்ணாடிப் பேழையில் வைத்து மகிழ்வர். சிலர் மட்டும் அதற்கு மேலும் செல்கின்றனர். குற்றமே இல்லாமல் முடித்த பொருளின் மீது அவர்கள் குற்றங்களை எழுதத் தொடங்குகின்றனர். ரெயில் வண்டிகளின் மாதிரிகளிலும் போர் ஊர்திகளின் மாதிரிகளிலும் வேரூன்றி வளர்ந்த இம்முறை கார்களுக்கும் வந்து சேர்ந்தது. முதலில் துருவின் நிறத்தைப் பூசி, அதன்மேல் கூந்தலைப் படிய வைக்கும் ஹேர் ஸ்பிரேயைத் தெளித்து, அதற்கும் மேலே வண்டியின் நிறத்தைப் பூசுவர். பிறகு நீரால் நனைத்துத் தூரிகையால் தேய்த்தால் நடுவிலுள்ள படலம் கரைந்து, மேல்நிறம் சில்லுச் சில்லாகப் பெயரும். உள்ளிருந்து துரு எட்டிப் பார்க்கும். நாம் சமையலுக்கு இடும் உப்பையே ஈரத்தில் ஒட்ட வைத்து, மேலே வண்ணம் தெளித்து, காய்ந்த பின் உதிர்த்துவிடுவதும் உண்டு. கரிய நிறத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து விட்டால், அது கதவின் இடுக்குகளில் தானே ஓடிச் சென்று அழுக்காகப் படியும். பஞ்சுத் துண்டின் நுனியால் ஒற்றிச் சிறு காயங்களை உண்டாக்குவர். உலர்ந்த வண்ணப் பொடியைத் தூவிப் புழுதியாக்குவர்.

இவற்றைச் சொல்லக் கேட்ட நாம், “கண்ட இடத்தில் பூசினால் துருவாகிவிடும் போலும்!” என்றோம். மாணவரின் முகம் சற்றே மாறியது. இலக்கணப் பிழையைக் கண்டால் நம் முகம் எப்படி மாறுமோ அப்படி மாறியது.

“இல்லை ஹஜ்ரத். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாத கறையை வைத்தால், பார்ப்பவர் ஏனென்று அறியாமலேயே ‘இது பொம்மை’ என்று சொல்லிவிடுவார்” என்றார்.

பிறகு அவர் அந்தச் சிறு வண்டியை மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கினார். இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்க்காற்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அழிவு விரைவுபடும். குளிர்காலத்தில் பனியை உருக்குவதற்காகச் சாலைகளில் உப்பைத் தூவும் நாடுகளில், சக்கரம் வாரியிறைக்கும் உப்புச் சேறு தங்கும் இடங்களே முதலில் உளுக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் கொள்வது. ஆதலால் அது உள்ளிருந்து வண்ணத்தை உந்திக் கொப்புளமாக்கும். புதுத்துரு செம்மஞ்சளாக இருக்கும். பழந்துரு கருமை கலந்த பழுப்பாக இருக்கும். வெயில் மேலிருந்து விழுவதால் கூரையும் மூடியும் வெளுக்கும். பக்கங்கள் அவ்வளவு வெளுப்பதில்லை. புழுதி கீழிருந்து ஏறுவதால் அடிப்பகுதியிலே மிகும். இந்த வண்டிக்கு இயந்திரம் பின்புறத்தில் உள்ளது. அதை அறியாதவர் முன்மூடியின் கீழே எண்ணெய்க் கசிவை எழுதினால், அது தெரியாமல் செய்த பொய். இயந்திரத்தின் வெப்பத்தைப் பயணிகளுக்குக் கொண்டு வரும் காற்றுவழி, பக்கங்களின் அடியில் ஓடுகிறது. அங்கே துரு வரும். மின்கலம் பின்னிருக்கையின் கீழே இருக்கிறது. அதன் அமிலம் கசிந்தால் அடித்தட்டு அரிக்கும்.

இவ்வாறு சொல்லி, வண்டியைக் கவிழ்த்தார். அதன் அடித்தட்டில், மின்கலம் இருக்கும் இடத்துக்கு நேராக, ஒரு மிளகின் அளவில் கரும்பழுப்புக் கறை இருந்தது. மேசையில் வைத்துவிட்டால் எவர் கண்ணுக்கும் படாத இடம் அது.

“யாரும் பார்க்காத இடத்தில் ஏன்?” என்றோம்.

“அங்கே துரு இருக்கும், அதனால்தான்” என்றார்.

அந்த மறுமொழி நம்மை உலுக்கியது. ஏன் உலுக்கியது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

அரபு மொழியில் அஸர் என்றொரு சொல் உண்டு. மாலைத் தொழுகையைக் குறிக்கும் அஸர் அன்று. மூன்று புள்ளியிட்ட ஸா எழுத்தைக் கொண்டது. காலடிச் சுவடு என்பது அதன் பொருள். ஒன்று கடந்து சென்ற பின் விட்டுச் செல்லும் அடையாளமும் அஸரே. பழங்காலச் சின்னங்களை ஆஸார் என்பதும் அதன் பன்மையே. முன்னோர் வழிவந்த செய்தியையும் அச்சொல்லால் வழங்குவர். சுவடும் செய்தியும் ஒரே சொல்லில் குடியிருப்பது எத்துணைப் பொருத்தம்! சுவடு என்பது ஒரு செய்தி. ‘இவ்வழியே ஒருவன் சென்றான்’ என்று மணல் சொல்கிறது. ‘இவ்விடத்தில் நீர் தங்கிற்று’ என்று துரு சொல்கிறது.

செய்தி என்று வந்துவிட்டால் மெய்யும் பொய்யும் வந்துவிடுகின்றன. ஹதீஸ் கலையைப் பயில்வோர் அறிவர்: ஒரு செய்தியின் சொற்கள் அழகாயிருப்பது மட்டும் போதாது, அது யார் யார் வழியாக வந்தது என்னும் தொடர் வேண்டும். தொடர் இன்றிப் புனைந்துரைத்ததை மவ்ளூஃ என்று தள்ளிவிடுவர். இந்த அளவுகோலால் அளந்தால், நம் மாணவரின் காரிலுள்ள துரு எவ்வகையைச் சேர்ந்தது? அதில் நீரும் தங்கவில்லை, உப்பும் படவில்லை, நாற்பதாண்டும் கழியவில்லை. சுவடு இருக்கிறது, நடந்தவன் இல்லை. அப்படியானால் அது புனைந்த செய்திதானே என்று கேட்கத் தோன்றும்.

நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் ஆழ்ந்து நோக்குங்கால் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. பொய்ச் செய்தியைப் புனைகிறவன் ‘இது நடந்தது’ என்று கூறுகிறான். மாதிரி செய்கிறவன் ‘இப்படித்தான் நடக்கும்’ என்று கூறுகிறான். முன்னவன் கூற்று ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது, அது பொய். பின்னவன் கூற்று இரும்பு, நீர், வெயில் ஆகியவற்றின் இயல்பைப் பற்றியது, அது மெய். மாணாக்கனுக்குக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர், ‘ஒருவன் பத்து ஆடுகளை வாங்கினான்’ என்று தொடங்குகிறார். அப்படி ஒருவன் இல்லை, ஆடுகளும் இல்லை. எனினும் அவர் பொய்யர் ஆகார். ஏனெனில் கேட்பவன் அதை அறிவான், கணக்கும் பிழையன்று.

கேட்பவன் அறிவான் என்னும் அந்தச் சொல்லில்தான் இவ்வழக்கின் முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் வாழ்ந்தார், 2018-இல் மறைந்தார். 24-இல் ஒரு பங்கு அளவுள்ள கார்களையும், அதே அளவில் தாமே செய்த கட்டடங்களையும் ஒரு பலகை மீது வைத்து, அதன் பின்னணியில் உண்மையான மரங்களும் வீதியும் தெரியும்படி நின்று படம் எடுப்பார். எல்ஜின் பார்க் என்று தம் கற்பனை ஊருக்குப் பெயரிட்டார். அப்படங்களைக் காண்போர், 1950-களின் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் அக்காலத்தில் எடுத்த படங்கள் என்றே நம்பும்படி அவை இருந்தன. ஆனால் அவர் செய்த மற்றொன்றும் உண்டு. பலகையும், அதைத் தாங்கும் மேசையும், அருகில் தாமும் தெரியும்படி எடுத்த படங்களையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். கண்ணை மயக்கியவரே கண்ணைத் திறந்தும் விட்டார். அதனால் மயக்கம் வியப்பாக மாறியது. திறந்துவிடாமல் விட்டிருந்தால், அதே படம் வரலாற்றின் மீது சாற்றிய பொய்யாகியிருக்கும்.

ஆகவே முதல் அளவுகோல் கிடைத்துவிட்டது: காட்டுபவன் எதைக் காட்டுகிறானோ, அதை இன்னதென்று காண்பவன் அறிய வழி இருக்கிறதா?

இரண்டாவது அளவுகோலும் உண்டு: அறியாமையால் காண்பவனுக்கு இழப்பு நேருகிறதா? ஃபிக்ஹு நூல்களில் கொள்வினை கொடுப்பினை பற்றிய பாடத்தில் தத்லீஸ் என்று ஒன்று வரும். பொருளின் குறையை மறைத்தோ, இல்லாத நிறையைத் தோற்றுவித்தோ விற்பது அது. விற்பதற்கு முன் ஆட்டைப் பால் கறவாமல் விட்டு, மடியை நிரம்ப வைத்து, மிகுந்த பால் தரும் ஆடு போலக் காட்டுவதை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். இப்பாடத்தில் நாம் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அந்த மடியிலிருந்த பால் உண்மையான பால். விற்றவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எனினும் அது ஏமாற்றே. அதே போல, இந்தப் பிளாஸ்டிக் காரில் உள்ள துரு உண்மைத் துருவன்று. எனினும் அது ஏமாற்று அன்று. பொருளில் உள்ளது மெய்யா என்பது வேறு. மனிதருக்கிடையே நிகழ்வது மெய்யா என்பது வேறு. அதே தூரிகை, அதே வண்ணம். புதிய மேசையைப் பழையதாக்கி நூறாண்டுப் பொருள் என்று விற்பவனின் கையில் அது களவு. மேசையின் மேல் வைத்து ‘நான் செய்தது’ என்பவரின் கையில் கலை.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். துருப்பிடித்த வண்டி வறியவனுக்கு அழகன்று. அது அவன் அன்றாடத் துன்பம். வழியில் நின்றுவிடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவன் அதன் பழுப்பு நிறத்தை வியந்துகொண்டிருப்பானா? வசதியுள்ளவர் ஓய்வு நேரத்தில் பிறர் வறுமையை அழகு பார்ப்பது அறமாகுமா? இத்தடை நியாயமானது, எளிதில் தள்ளத் தக்கதன்று. துறவியின் ஒட்டுப்போட்ட ஆடையைக் கண்டு, நல்ல துணியைக் கிழித்து ஒட்டுப்போட்டு அணிந்து திரிவோர் எக்காலத்திலும் உண்டு. உழைக்காமல் உழைப்பின் தழும்பையும், நோலாமல் நோன்பின் மெலிவையும் பூசிக்கொள்வது இழிவே. தன் மீது பூசிக்கொண்டால் அது வேடம். ஆயினும் தனக்கு அப்பாலுள்ள ஒரு பொருளை உற்று நோக்கி, அது பட்ட பாட்டை அறிந்து எழுதுவது வேடமன்று. 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கடைசி வண்டி வெளிவரும் வரை 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் செய்யப்பட்டன. பெரும்பாலும் எளிய குடும்பங்களைச் சுமந்தவை அவை. அவற்றின் கைப்பிடி தேய்ந்ததை ஒருவர் நினைவில் வைத்து எழுதுகிறார் என்றால், அத்தேய்மானத்தை உண்டாக்கிய கைகளுக்கு அது ஒரு சிறு மரியாதை என்றே நாம் கொள்கிறோம். மரியாதையா, வேடிக்கையா என்பதைச் செய்பவரின் உள்ளமே அறியும்.

இதுவரை நாம் நீதிபதியைப் போலப் பேசிவிட்டோம். இனிக் கூண்டில் ஏற வேண்டும்.

மாணவர் அந்தச் சிறு காரைக் கவிழ்த்து அடித்தட்டைக் காட்டியபோது நம் உள்ளம் உலுங்கியது என்றோமல்லவா? 1998-இல் நம்மிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அதை விற்க முனைந்தோம். கால் வைக்கும் தட்டின் அடியில் துரு தின்று, இரண்டு இடங்களில் விரல் நுழையும் துளைகள் விழுந்திருந்தன. பட்டறைக்காரர் அத்துளைகளில் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார். அதன்மேல் புதிய ரப்பர் விரிப்பொன்றையும் வாங்கிப் போட்டோம். மொத்தச் செலவு 150 ரூபாய். வண்டி மணப்பெண் போல நின்றது.

வாங்க வந்தவர், சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராகச் சென்று விற்று வந்தவர். மூட்டையின் பாரத்தைக் கால்தட்டில்தான் வைக்கப் போகிறார் என்பது நமக்குத் தெரியும். அவர் குனிந்து விரிப்பைச் சற்றே நீக்கிப் பார்த்தார். நிமிர்ந்து சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “ஹஜ்ரத் ஓட்டிய வண்டி, வேறென்ன பார்க்க வேண்டும்?” என்று சொல்லி 6,000 ரூபாயை எண்ணி வைத்தார். நாமும் பேசாமல் வாங்கிக்கொண்டோம். நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மடி நிரம்பிய ஆட்டைப் பற்றி மறுநாள் காலை மாணாக்கருக்குப் பாடம் சொன்னோமா என்பது நினைவில்லை. சொல்லியிருந்தாலும் நாணியிருக்க மாட்டோம். அப்போது அதை வழக்கம் என்றே எண்ணியிருந்தோம். உலகமே விற்பதற்கு முன் மெருகிடுகிறதே!

துரு இல்லாத இடத்தில் துருவை வரைந்த மாணவரை ‘பொய்தானே’ என்று கேட்டோம் நாம். துரு இருந்த இடத்தில் மெருகைப் பூசிய நம்மை யார் கேட்பது? யாரும் பாராத அடித்தட்டில், அங்கே துரு இருக்கும் என்பதற்காகவே அவர் அதை எழுதினார். யாரும் பாராத அடித்தட்டு என்பதற்காகவே நாம் அதை மறைத்தோம். அவருடைய பொருள் முழுவதும் செயற்கை. அதில் ஓர் உண்மை இருந்தது. நம் பொருள் முழுவதும் உண்மை. அதில் ஒரு பொய் இருந்தது. முன்னர் நினைவில் இருத்தச் சொன்னோமே, விற்பவர் கையில் பிறந்த மாதிரியில் துரு இல்லை என்று. அந்த விற்பவர் நாமே.

மறுநாள் அவர் முகவரியை விசாரித்துக்கொண்டு சென்றோம். எழுபதைக் கடந்தவர், மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது, குரலைக் கொண்டு நம்மை அறிந்துகொண்டார். வந்த செய்தியைச் சொன்னோம். அவர் சிரித்தார்.

“அன்றைக்கே எனக்குத் தெரியும் ஹஜ்ரத். விரிப்பை நீக்கிக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். தகடு வேறு, பட்டி வேறு என்று விரலுக்குத் தெரியாதா? நீங்களே சொல்வீர்கள் என்று சற்று நேரம் நின்றேன். நீங்கள் சொல்லவில்லை. கேட்டால் பொய் சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. ஓதிக்கொடுக்கிற மனிதரை நாம் பொய் சொல்ல வைக்கக் கூடாது என்று வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.”

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் நம்மைக் குறை கூறியிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் இம்மென்மையான சொற்களைப் போல நம்மைச் சுட்டதில்லை. சில மாதங்களில் தட்டு இற்றுப்போய், புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ததாகவும், அதற்கு 400 ரூபாய் ஆனதாகவும் சொன்னார். நாம் கொண்டு சென்றிருந்த தொகை அதற்கு மிகவும் கூடுதலானது. அவர் அதிலிருந்து 400 ரூபாயை மட்டும் எடுக்கச் செய்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “இது உங்கள் மனம் ஆறுவதற்கு, மிச்சம் உங்களுடையது” என்றார். அன்றைய 400 இன்றைக்கு எவ்வளவு என்று நாம் வாதிடத் தொடங்கினோம். அவர் மகளை அழைத்துத் தேநீர் கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

வெல்டிங் செய்த தகட்டின் தழும்பு வெளியே தெரியும்படிதான் இருந்ததாம். மேலே வண்ணம் பூச அவர் விரும்பவில்லையாம். “பின்னால் விற்கிறபோது வாங்குகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மனிதர், நாம் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்தை இரும்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது மாணவருக்கு விடை சொல்லலாம். தம்பி, உம் காரிலுள்ள துரு பொய்யன்று. ஒவ்வொரு கறைக்கும் காரணம் தேடினீர். காணாத இடத்திலும் உண்மை வழுவாமல் எழுதினீர். இது நான் செய்தது என்று முதற்கேள்வியிலேயே ஒப்புக்கொண்டீர். இம்மூன்றும் இருக்கும்வரை அது கலையே. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் அதைக் காக்கமாட்டா. இந்த அளவுகோலை நீர் பிளாஸ்டிக்கின் மீது பிடித்தீர். அதை நம் சொல்லின் மீதும், விற்பனையின் மீதும், பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும்போது நாம் கூறும் குலப்பெருமையின் மீதும் பிடித்துப் பார்ப்பது எங்களைப் போன்றோர் வேலை.

வீட்டில் விற்பதற்கென ஒரு பொருளை எடுத்து வைக்கும்போது, வாசகர்களே, அதைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள், குற்றமில்லை. ஆனால் வாங்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, ஒரு கணம் பேசாமல் நிற்பாரே, அந்தக் கணத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். அவர் காத்திருப்பது விலைக்காக அன்று.